இடுப்பில் ஒரு பிள்ளை

வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று ஒரு பெயர் உண்டு. ராத்திரியில் பெயரைச் சொல்லக்கூடாது என்று 'பேர் சொல்லாதது' என்றும் சொல்வார்கள். போன மாதம் செவ்வாய்ப்பேட்டை நாட்டுமருந்துக் கடையில் அக்காவின் கொள்ளுப்பேரனுக்காக அதை வாங்கிக்கொண்டு நின்றபோது ஒன்று தோன்றியது. ஒரு வேருக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்தோம். உண்மையில் எங்கள் ஊரில் பிள்ளை வளர்த்த ஆளுக்குப் பெயரே வைக்கவில்லை.

அந்தக் காலத்தில் பிள்ளைகளைப் பாட்டிகள்தான் வளர்த்தார்கள் என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். என் வயதுக்காரர்கள் கொஞ்சம் கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள். அயோத்தியாப்பட்டணம், மாசிநாயக்கன்பட்டி, மின்னாம்பள்ளிப் பக்கம் கூலி வேலைக்குப் போன குடும்பங்களில் சும்மா உட்கார்ந்திருந்த பாட்டி எத்தனை பேர்? எங்கள் ஆயா அறுபது வயதிலும் களை எடுக்கப் போனார். கடலைக்காய் பறிக்கும் காலத்தில் அம்மாவுக்கு முன்னால் காட்டில் நிற்பார். பிறந்த குழந்தையை மூன்று மாதம் பார்ப்பார். காலை நீட்டிப் போட்டுக் குழந்தையைக் குப்புறக் கிடத்தி வெந்நீர் ஊற்றுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது, சுக்கு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாவற்றையும் கல்லில் இரண்டு இழுப்பு இழைத்து உரைமருந்து கொடுப்பது, இதெல்லாம் ஆயாவின் கைவேலை. குழந்தைக்குக் கழுத்து நின்றதும் அவர் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு குழந்தை ஏறிய இடம் அக்காவின் இடுப்பு.

அக்கா என்றால் பெரிய பெண் இல்லை. எட்டு வயது, ஒன்பது வயது. சில வீடுகளில் ஆறு வயது. இடது இடுப்பில்தான் தூக்குவார்கள், வலது கை வேலைக்கு வேண்டுமே. உடம்பு வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். வருடக்கணக்கில் அப்படித் தூக்கிய பெண்களுக்கு நடையிலேயே ஒரு சாய்வு வந்துவிடும். கோதண்டராமர் கோவில் முன் நிழலில் மத்தியானத்தில் இப்படி நாலைந்து பெண்கள் கூடி அஞ்சாங்கல் ஆடுவார்கள். ஒருத்தி கல்லை மேலே போட்டுப் பிடிக்கும் நேரத்துக்கு அவள் குழந்தையை இன்னொருத்தி வாங்கிக்கொள்வாள். ஆட்டம் முடியும்வரை குழந்தைகள் கைமாறிக்கொண்டே இருக்கும்.

நான் அப்படி ஓர் இடுப்பில் வளர்ந்தவன்.

நான் பிறந்தது 1952. அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர். அப்பா மாட்டு வண்டியில் செவ்வாய்ப்பேட்டைக்குச் சுமை அடித்தார். அம்மா காட்டு வேலை, அது இல்லாத மாதங்களில் கிழங்கு மில். எங்கள் மாவட்டத்துக்கு அந்தத் தொழில் வந்த கதை பழைய ஆட்களுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் மலாயா, சிங்கப்பூர் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் கிழங்கு மாவும் நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் முதலானவர்கள் மரவள்ளிக் கிழங்கில் இருந்து அவற்றை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். குச்சிக்கிழங்கு சேலத்துப் பயிராகிவிட்டது அப்போதிருந்துதான். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தபோது சேலம் ஜவ்வரிசி நாடு முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. கிழங்கு மில்லில் தோல் உரிக்கும் வேலை முழுவதும் பெண்களுடையது. கிழங்குக் குவியலைச் சுற்றிக் கத்தியோடு உட்கார்ந்திருப்பார்கள். தவழும் குழந்தையைக் கத்திகளுக்கு நடுவில் விட முடியாது.

தொழிற்சாலைச் சட்டம் 1948இல் வந்தது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்கள் குழந்தைகளுக்கென ஓர் அறை ஒதுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. 1976இல் அதை முப்பது பெண்கள் என்று குறைத்தார்கள். நல்ல சட்டம். ஆனால் பருவத்துக்குப் பருவம் ஆள் சேர்க்கிற சின்ன மில்லுக்கும், காட்டு வேலைக்கும், பாக்கு உரிக்கிற களத்துக்கும் அந்த எண்ணிக்கை எங்கே வந்து சேரும்? வீட்டில் ஓர் அக்கா இருந்தால் அம்மா வேலைக்குப் போகலாம். இல்லாவிட்டால் இல்லை. எங்கள் வீட்டுக் கணக்கு அவ்வளவுதான்.

அக்காவின் நாள் எப்படி இருந்தது என்று நானே பிற்காலத்தில் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். விடியற்காலை அம்மா அடுப்புப் பற்ற வைக்கும்போதே குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும். அம்மா போவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பால் கொடுப்பார். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை ஜவ்வரிசிக் கஞ்சியோ ராகிக் கூழோதான். விட்டத்தில் அம்மாவின் பழைய சேலையில் தூளி. அக்கா ஒரு கயிற்றைத் தூளியில் கட்டி மறுமுனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொள்வார். கால் ஆட்ட ஆட்டத் தூளி ஆடும். இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். அந்தக் கையால் அவர் கல் பொறுக்கினார், பாத்திரம் கழுவினார், கொஞ்ச காலம் சிலேட்டிலும் எழுதினார்.

அந்தச் சிலேட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

1952இல் முதலமைச்சராக வந்த ராஜாஜி அடுத்த ஆண்டு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். நாளுக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு. பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி ஒரு பிரிவு காலையில், ஒரு பிரிவு மதியம். மிச்ச நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கியது அதுதான். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் மட்டுமல்ல, காங்கிரசுக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள். ராஜாஜி பதவி விலகி, காமராஜர் வந்ததும் 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. ராஜாஜி எங்கள் மாவட்டத்துக்காரர். அவர் பிறந்த தொரப்பள்ளி அப்போது சேலம் மாவட்டம், சேலத்தில் வக்கீலாக இருந்தவர், சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர். அதனால் இந்தப் பேச்சு வந்தால் எங்கள் பக்கத்துத் திண்ணைகளில் இன்றும் சூடு பறக்கும்.

எனக்கு அந்தத் திட்டத்தின் மேல் எந்த மரியாதையும் இல்லை. பெற்றோர் தொழில் என்றால் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன தொழில்? பிள்ளை தூக்குவதுதான். ஆனாலும் ஓர் உண்மையை மறைக்க முடியாது. அக்கா கடைசியாகப் பள்ளிக்குப் போன வருடம் அந்த வருடம்தான். காலை மூன்று மணி நேரம் என்பதால் ஒரு வயதுக் குழந்தையான என்னையும் இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குப் போய் வாசற்படி ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். மறு வருடம் பள்ளி முழு நாளானது. தங்கையும் பிறந்தாள். முழு நாள் இரண்டு குழந்தைகளோடு எந்த வாத்தியார் ஒத்துக்கொள்வார்? எல்லோரும் கொண்டாடிய முழு நாள் பள்ளி எங்கள் வீட்டில் அக்காவை வெளியே நிறுத்தியது. திட்டத்தை எதிர்த்தவர்கள் செய்தது சரிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பள்ளியை முழு நாளாக்கியவர்கள் அந்த இடுப்பில் இருந்த குழந்தை எங்கே போகும் என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

1956இல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தார். பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பொதுமக்களிடம் அரிசியும் பருப்பும் கேட்டு வாங்கி நடத்திய திட்டம். அதற்கு முன்பே 1920இல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி கொடுத்திருக்கிறார்கள். 1960களில் கேர் நிறுவனம் வழியாகப் பால் பவுடரும் கோதுமையும் வந்தன. அந்த உப்புமாவின் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வயிறு நிறைந்தது.

நான் பள்ளியில் சேர்ந்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது. என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தங்கையோடு வேலி ஓரத்தில் நிற்பார். சாப்பாடு பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு. என் பெயர் இருந்தது. பள்ளியை விட்டு நின்ற அக்காவின் பெயர் இல்லை, தங்கை பெயர் இன்னும் ஏறவில்லை. நான் வெளியே ஓடிவந்து தட்டைக் காட்டுவேன். தங்கைக்கு இரண்டு வாய் ஊட்டிவிட்டு, "போ, மணி அடிச்சிருவாங்க" என்பார். அக்கா சாப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு நான் வாத்தியாரானேன். 1974இல் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. முப்பத்தாறு வருடம். அந்தக் காலத்து வருகைப் பதிவேட்டை வைத்தே ஒரு சரித்திரம் எழுதலாம். ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாக இருப்பார்கள். மூன்றாம் வகுப்புக்கு வரும்போது பெண்கள் பக்கத்தில் ஓட்டை விழும். ஐந்தாம் வகுப்பில் பாதி காலி. காரணம் எழுதுகிற இடத்தில் 'வீட்டு வேலை' என்று எழுதுவோம். வீட்டு வேலை என்றால் தம்பி பிறந்திருக்கிறான் என்று அர்த்தம். அதை எழுத இடம் கிடையாது.

ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். 1978 என்று நினைக்கிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். பெயர் வேண்டாம், அவள் பேரப் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். மனக்கணக்கில் கெட்டிக்காரி. பதினேழை எட்டால் பெருக்கு என்றால் நான் கரும்பலகைப் பக்கம் திரும்புவதற்குள் விடை வரும். தவழும் வயதில் ஒரு தம்பி, அவனைத் தூக்கிக்கொண்டுதான் வருவாள். ஓரமாக உட்கார வைத்துவிட்டு ஒரு கண் அவன் மேல், ஒரு கண் பலகை மேல். ஆய்வுக்கு அதிகாரி வருகிற வாரம். தம்பி வகுப்பின் நடுவில் ஈரம் பண்ணிவிட்டான். பிள்ளைகள் எல்லாம் சிரிப்பு. "இனிமே தம்பியை வீட்டுல விட்டுட்டு வா" என்று நான் சத்தம் போட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாவாடையாலேயே தரையைத் துடைத்தாள், தம்பியைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் வரவில்லை. அந்த வாரம் வரவில்லை. நானும் ஆய்வு, மேல் வேலை என்று இருந்துவிட்டேன். விதிப்படி பெயரை நீக்கினேன்.

மே மாதம் வாத்தியார்கள் வீடு வீடாகப் போய்ப் பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுப்போம். அவள் வீட்டு வாசலுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "சார், தம்பி இப்ப நடக்கறான் சார்" என்றாள். நான் கேட்காமலே சொன்னாள். நடக்கிறான், இனிமேல் வரலாமா என்று அதற்கு அர்த்தம். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே தூளியில் சின்னதாக ஒரு அழுகை கேட்டது. அவள் திரும்பி ஓடினாள். பள்ளி செல்லாதோர் பட்டியலில் அவள் பெயரை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அக்காவின் இடுப்பில் வளர்ந்தவன் நான். இன்னொரு அக்காவை நானே வெளியே அனுப்பினேன். இதை வீட்டில் யாரிடமும் ரொம்ப நாள் சொல்லவில்லை.

பல வருடம் கழித்து தாராபாய் மோடக் என்ற அம்மையாரைப் பற்றிப் படித்தேன். மகாராஷ்டிராவில் போர்டி என்ற ஊரில் 1945இல் கிராமக் குழந்தைகளுக்காகக் கல்வி நிலையம் தொடங்கியவர். பிறகு அனுதாய் வாக் என்ற சிஷ்யையோடு கோஸ்பாட் என்ற ஆதிவாசிப் பகுதிக்குப் போனார். பள்ளி வைத்தும் பிள்ளைகள் வரவில்லை. ஏன் என்று பார்த்தால், பெரிய பிள்ளைகள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். அந்த அம்மையார் என்னைப் போலச் சத்தம் போடவில்லை. குழந்தைக் காப்பகம், சின்னப் பிள்ளைகள் பள்ளி, தொடக்கப் பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டார். தம்பியோடு வா, தம்பிக்கும் இடம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளைத் தேடி அவர்கள் குடியிருப்பு முற்றத்துக்கே போய் நடத்திய பள்ளிதான் அங்கன்வாடி. அங்கன் என்றால் முற்றம். இன்று நாம் வாய்க்கு வாய் சொல்கிற சொல் அங்கிருந்து வந்தது. ஆசிரியர் பயிற்சியில் எனக்கு மாண்டிசோரி அம்மையாரைப் பற்றி இரண்டு பக்கம் சொல்லிக் கொடுத்தார்கள். கோஸ்பாட் பற்றி ஒரு வரி சொல்லியிருந்தால் 1978இல் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்குமோ என்னவோ.

எங்கள் ஊர்ப் பக்கம் மாற்றம் வந்தது எம்.ஜி.ஆர். சத்துணவோடு. 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் தொடங்கி வைத்தார். பலரும் அதைப் பள்ளிச் சாப்பாடு என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் இன்னொரு பாதி இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையான சின்னக் குழந்தைகளுக்குத் தனி மையங்கள். ஊருக்கு ஊர் ஓர் அமைப்பாளர், ஒரு சமையல்காரர், ஓர் ஆயா. விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் வேலையில் முன்னுரிமை. எங்கள் பக்கம் பாட்டியையே ஆயா என்பதால் மையத்து ஆயாவைப் பிள்ளைகள் சொந்தப் பாட்டியாகவே நினைத்துக்கொண்டு சேலையைப் பிடித்து இழுக்கும். அந்த அம்மாவுக்கு முப்பது வயது கூட இருக்காது.

நாங்கள் வாத்தியார்கள் முதலில் முணுமுணுத்தோம். பள்ளிக்கூடத்தைச் சோற்றுக்கடை ஆக்கிவிட்டார்கள் என்று தேநீர்க்கடையில் பேசியவர்களில் நானும் ஒருவன். இவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்கள், ஆறு மாதத்தில் மூடிவிடுவார்கள் என்று பந்தயம் கட்டியவர்கள் உண்டு. செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. 1984இல் பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள்.

மையம் முதலில் ஒரு வாடகை ஓட்டு வீட்டில் நடந்தது. பாய் கிடையாது, சாக்கு விரித்திருப்பார்கள். ஒரு நாள் கிழங்கு மில்லுக்குப் போகிற ஓர் அம்மா, இடுப்பில் இருந்ததை உள்ளே இறக்கிவிட்டு வெளியே வந்தார். பேச்சுக்கு, "என்னம்மா, சாப்பாடு நல்லா இருக்குதா?" என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சோறு கிடக்குதுங்க சார். சோறு எங்க வீட்டுலயும் எப்படியோ ஆக்கிப் போட்டுருவேன். கதவைச் சாத்தி உக்கார வெச்சுக்கறாங்களே, அதுங்க சார்."

அந்தக் கதவை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததே இல்லை. ஊட்டச்சத்து, எடை, உயரம் என்று அரசாங்க அறிக்கைகளில் நிறைய எழுதுவார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் எங்கள் ஊரில் அந்த மையம் செய்த பெரிய காரியம், காலையில் இருந்து மத்தியானம் வரை இன்னொரு வீட்டுப் பெண்ணைச் சம்பளம் கொடுத்துக் குழந்தை பக்கத்தில் உட்கார வைத்தது. அதுவரை எட்டு வயது அக்காக்கள் சம்பளம் இல்லாமல் செய்த வேலை. பதிவேட்டில் மூன்றாம் வகுப்பு ஓட்டைகள் ஒரே வருடத்தில் அடைந்துவிடவில்லை. ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் நான் ஒன்று கவனித்தேன். தம்பியை மையத்து வாசலில் இறக்கிவிட்டு, பாவாடையை உதறிக்கொண்டு, மணி அடிக்கும் நேரத்துக்கு ஓடி வருகிற பெண்கள் வந்துவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் மூச்சு வாங்க வந்து நிற்பார்கள். தாமதம் என்று நான் யாரையும் திட்டியதில்லை. அந்தப் புத்தி மட்டும் வந்திருந்தது.

மனக்கணக்குப் பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு பதின்மூன்று. அவள் பள்ளிக்குத் திரும்பவில்லை. தம்பி என் வகுப்பில் இருந்தான், கடைக்குட்டி மையத்தில் இருந்தது, அவள் கைகள் முதல் தடவையாகக் காலியாக இருந்தன. அந்தக் கைகளை அம்மா கிழங்கு மில்லுக்குக் கூட்டிப் போய்விட்டார்.

குறையும் இருந்தது. இரண்டு வயதுக்குக் கீழே இருந்த குழந்தைக்கு மையத்தில் இடமில்லை. அது பழைய இடுப்பிலேயேதான். மத்தியானத்துக்குப் பிறகு மையம் கிடையாது. கிழங்கு மில்லோ பொழுது சாய்ந்துதான் விடும்.

அக்காக்களின் வேலையை உண்மையில் முடித்து வைத்தது இன்னொரு விஷயம். வீடுகளில் பிள்ளைகள் குறைந்தார்கள். சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்ற வாசகமும் எங்கள் ஊர்ச் சுவர்களில் எத்தனை வருடம் இருந்தன என்று உங்களுக்குத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டரைக் குழந்தை என்ற கணக்குக்கு வந்துவிட்டது. எங்கள் அம்மா பெற்றது ஏழு, நின்றது ஐந்து. இரண்டே பிள்ளை, நடுவில் இரண்டு மூன்று வயது இடைவெளி என்றால் அக்கா தூக்குவதற்கு வழியே இல்லை. தூக்கப்பட வேண்டியவளே அவளும்தானே.

அடுத்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கதை பாதிதான். முதல் பிள்ளை பெண்ணாக இருந்தால் அம்மாவுக்கு உதவி என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அதில் ஒரு கணக்கு இருந்தது. பிள்ளைகள் இரண்டு என்றாகி, அதில் ஒன்று கண்டிப்பாக ஆண் வேண்டும் என்றாகி, தூக்கிச் சுமக்கிற உதவியும் தேவையில்லை என்றானபோது, சில வீடுகளில் இரண்டாவது பெண், மூன்றாவது பெண் எதற்கும் வேண்டாதவள் ஆகிவிட்டாள். இது என் ஊகம், ஆய்வு செய்தவர்கள் வரதட்சணை முதல் வேறு பல காரணங்கள் சொல்வார்கள். நடந்தது மட்டும் ஊகம் இல்லை. 1991, 2001 இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையான பிள்ளைகளில் ஆயிரம் ஆணுக்கு ஏறக்குறைய 850 பெண்தான். 1992இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டம் நம் சேலம். நாமக்கல் அப்போது நம்மோடு சேர்ந்திருந்தது, 1997இல்தான் தனியானது. வளர்க்க முடியாது என்றால் கொல்லாதே, இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ, யார் என்று கேட்க மாட்டோம் என்றது அரசாங்கம். 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி என்று நீட்டினார்கள்.

தொட்டில் என்றால் எங்களுக்கு அம்மாவின் பழைய சேலை. இருபது சேலைகளின் கதை ஒரு தூளியில் இருக்கும் என்பார் ஆயா. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தொட்டில் இருக்கிறது, அதை ஆட்டுவதற்கு யாரும் இல்லை, ராத்திரியில் யாரோ வந்து வைத்துவிட்டுப் போகிறார்கள் என்ற செய்தியை எங்கள் அம்மா நம்பவே மறுத்தார். "ஆட்டறதுக்கு ஒரு புள்ளை கூடவா இல்ல?" என்று கேட்டார். அந்தத் திட்டத்தைப் பற்றி, அது பெற்றோரின் பொறுப்பைத் தட்டிக் கழிக்கச் சொல்லித் தருகிறது என்று குறை சொன்னவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. 1990களின் கடைசியில் என் ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளைக் காலை வணக்கத்துக்கு நிற்க வைத்தால் பெண்கள் வரிசை குட்டையாக இருக்கும். முன்பு ஓட்டை மூன்றாம் வகுப்பில்தான் விழுந்தது. இப்போது ஒன்றாம் வகுப்பிலேயே. பதிவேட்டில் நீக்குவதற்குக்கூட அவர்கள் பெயர் இல்லை. 2011 கணக்கில் நிலைமை ஓரளவு தேறியது. அது எனக்கு ஓய்வு பெற்றவன் என்ற முறையில் வந்த சந்தோஷங்களில் ஒன்று.

சாப்பாட்டுக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1989இல் கலைஞர் அரசு இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது, 2010இல் வாரத்துக்கு ஐந்தானது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் அதில் சந்தோஷம். 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்தது. ஒரு வேளை உப்புமாவுக்கு வேலி ஓரத்தில் நின்ற ஊரில் இன்று பொங்கல், கிச்சடி என்று பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள்.

அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பேத்தி சேலத்தில் துணிக்கடையில் வேலை செய்கிறாள், பேத்தியின் கணவன் லாரி. மூத்த கொள்ளுப்பேத்தி பள்ளிக்கும், அங்கிருந்து வந்ததும் டியூஷனுக்கும் போகிறாள். தினமும் அவள் பையை இறக்கி வைப்பதற்குள் அக்கா கேட்பது ஒரே கேள்வி: "இன்னைக்கு என்ன போட்டாங்க?" சொன்னால் போதாது, எல்லாருக்கும் கிடைத்ததா என்று வேறு விசாரிப்பார். வசம்பு வாங்கிக்கொண்டு நான் போனபோது சின்னவன் தூளியில் இருந்தான். இப்போது வீட்டுக்குத் தளம் போட்டுவிட்டார்கள், விட்டம் கிடையாது, கொக்கியில் ஸ்பிரிங் மாட்டித் தூளி கட்டியிருக்கிறார்கள்.

"இவனை பால்வாடியில எப்பச் சேத்துக்குவாங்க?" என்று கேட்டார். அங்கன்வாடி என்ற சொல் அவர் வாயில் இன்னும் வரவில்லை.

"ரெண்டு வயசு ஆகணும்க்கா."

விரல் விட்டு எண்ணினார். "இன்னும் எட்டு மாசம் கிடக்குது" என்றார். நான் கொண்டுபோன வசம்பை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஸ்பிரிங் இருந்தும் தூளியில் ஒரு கயிறு தொங்கியது. அதன் நுனியை இழுத்துக் கால் கட்டைவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.